கான்ஃபரன்ஸ் சைட் போலியா நிஜமானு பார்க்குறது எப்படி: முதல் பேப்பர் போடுறவங்களுக்கு

முதல் தடவை பேப்பர் அக்செப்ட் ஆகியிருக்குறவங்க, இனிமே அனுப்பப் போறவங்க எல்லாரும் காசு கட்டுறதுக்கு முன்னாடி இதை ஒருவாட்டி படிச்சிடுங்க. நான் மாட்டிக்கிட்டு, காசு போய், பாஸ்வேர்டு போய், பாஸ்போர்ட் காப்பியும் யார் கைக்கோ போனதுக்கு அப்புறம் ஒவ்வொண்ணா கத்துக்கிட்டதைத்தான் எழுதுறேன்.

எனக்கு நடந்தது இதுதான். நிஜமான கான்ஃபரன்ஸ்ல நிஜமாவே பேப்பர் அக்செப்ட் ஆச்சு. ரெண்டு நாள் கழிச்சு அக்செப்ட் ஆன பேப்பர்களோட லிஸ்ட்டை அவங்க சைட்ல போட்டாங்க. அதுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு மெயில், என் பேரு சரியா இருக்கு, பேப்பர் தலைப்பு ஒரு எழுத்துகூட தப்பில்லாம இருக்கு, "ரெஜிஸ்ட்ரேஷன் போர்ட்டல் மாறியிருக்கு, ஏர்லி பேர்டு கட்டணம் (முன்கூட்டியே கட்டுறவங்களுக்கான சலுகை) இன்னைக்கு ராத்திரியோட முடியுது"னு போட்டு ஒரு லிங்க். சைட்டுக்குள்ள போனா அதே லோகோ, அதே கமிட்டி ஆளுங்க ஃபோட்டோ, அதே கீநோட் பேச்சாளர்கள். யூனிவர்சிட்டி மெயில் ஐடி, பாஸ்வேர்டு போட்டு உள்ள போகச் சொல்லுச்சு, போனேன். விசா லெட்டருக்கு பாஸ்போர்ட் ஸ்கேன் கேட்டுச்சு, ஏத்தினேன். கடைசியா பேங்க் டிரான்ஸ்ஃபர், அதையும் பண்ணிட்டு நிம்மதியா தூங்கப் போயிட்டேன். ஒன்பது நாள் கழிச்சு நிஜமான அமைப்பாளர்கள்கிட்ட இருந்து "நீங்க இன்னும் ரெஜிஸ்டர் பண்ணல, பண்ணலன்னா உங்க பேப்பர் புரொசீடிங்ஸ்ல (மாநாட்டுப் பேப்பர் தொகுப்புல) வராது"னு மெயில் வந்தப்பதான் வயித்துல புளியைக் கரைச்ச மாதிரி ஆச்சு.

அந்த முதல் மெயிலை அப்புறம் எத்தனை தடவை படிச்சிருப்பேன்னு கணக்கே இல்ல. பேரு, தலைப்பு எல்லாம் இருந்துச்சு, ஆனா பேப்பர் நம்பர் இல்ல. பேரும் தலைப்பும் அந்த லிஸ்ட்லயே எல்லாரும் பார்க்குற மாதிரி இருக்கு, என் மெயில் ஐடி டிபார்ட்மென்ட் பக்கத்துல இருக்கு, ஆனா சப்மிஷன் நம்பர் எனக்கும் அமைப்பாளர்களுக்கும் மட்டும்தான் தெரியும். நிஜமான மெயில் ஒவ்வொண்ணுலயும் அந்த நம்பர் இருந்துச்சு, இதுல மட்டும் இல்ல. அதை அன்னைக்கே கவனிச்சிருந்தா போதும்.

இவங்களுக்கு வேண்டியது மூணே மூணு விஷயம்தான்: காசு, பாஸ்வேர்டு, பாஸ்போர்ட். கீழ இருக்குற ஸ்டெப் எல்லாம் முடியுற வரைக்கும் இந்த மூணுல எதையும் கொடுக்காதீங்க. எல்லாத்தையும் பார்க்க அரை மணி நேரம் ஆகும், செலவு ஒண்ணும் கிடையாது.

1. எந்த மாதிரி மோசடினு முதல்ல தெரிஞ்சுக்குங்க

எல்லாம் ஒரே மாதிரி இருக்காது, அதனால எதைத் தேடணும்கிறதும் மாறும்.

முதல் வகை எனக்கு வந்தது, நிஜமா நடக்குற கான்ஃபரன்ஸோட சைட்டை அப்படியே காப்பி அடிச்சு வேற முகவரியில வெக்கிறது. ரெண்டாவது, அப்படி ஒரு கான்ஃபரன்ஸே இருக்காது, பெரிய பேரு, பெரிய ஊரு, நாலு ஃபோட்டோ போட்டு சும்மா ஒரு சைட், தேதி வரும்போது "தவிர்க்க முடியாத காரணத்தால் ஒத்திவைக்கப்பட்டது"னு ஒரு வரி வரும், அப்புறம் அதுவும் காணாமப் போயிடும். மூணாவது, கான்ஃபரன்ஸ் நிஜம், ஆனா "அதிகாரப்பூர்வ ஹோட்டல் புக்கிங்"னு சொல்லிக்கிட்டு நடுவுல ஒருத்தன் வருவான், ரூம் தீரப் போகுது உடனே கார்டு நம்பர் கொடுங்கனு மெயில் பண்ணுவான், சில சமயம் ஃபோனே பண்ணுவான். நாலாவதுல காசே கேட்க மாட்டாங்க, உங்களைப் பேச்சாளரா கூப்பிடுற மாதிரி கூப்பிட்டு லாகினை மட்டும் எடுத்துக்குவாங்க.

இன்னொரு பழைய டைப்பும் சுத்திக்கிட்டே இருக்கு. "விமான டிக்கெட், விசா, சாப்பாடு எல்லாம் எங்க ஸ்பான்சர் பார்த்துக்குவாங்க, நீங்க ஹோட்டல் ரூமுக்கு மட்டும் முன்பணம் கட்டினா போதும்"னு வரும். அந்த ஹோட்டல் முன்பணம்தான் மொத்த மோசடியும். இப்படி வந்தா மேல எதையும் செக் பண்ண வேண்டியதே இல்ல, அழிச்சிடுங்க.

2. மெயில்ல வந்த லிங்க் வழியா போகாதீங்க

எவ்வளவு அவசரமா இருந்தாலும் சரி. முதல்ல அனுப்புனவர் பேரைப் பார்க்காதீங்க, பேரு என்ன வேணா போட்டுக்கலாம், அதுக்குப் பின்னாடி இருக்குற முழு மெயில் முகவரியைத் திறந்து பாருங்க. ஃபோன்ல பேரு மட்டும்தான் தெரியும், அதனால இந்த மாதிரி மெயிலை லேப்டாப்ல திறக்குறதுதான் நல்லது. "ரிப்ளை டூ" முகவரி வேறயா இருக்கானும் பாருங்க, ரிப்ளை பட்டனை அமுக்கினா டூ இடத்துல எந்த முகவரி வருதுனு பார்த்தாலே தெரிஞ்சிடும், அனுப்ப வேண்டாம், பார்த்துட்டு மூடிடுங்க.

ஜிமெயில்ல அந்த மூணு புள்ளியைத் தட்டினா "ஷோ ஒரிஜினல்"னு ஒண்ணு வரும், அதுல எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க்னு மூணு வரி (மெயில் சொன்ன இடத்துல இருந்துதான் வந்துச்சானு பார்க்குற சோதனைகள்), பக்கத்துல பாஸ் இல்லன்னா ஃபெயில்னு இருக்கும். ஃபெயில்னு இருந்தா ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். ஆனா பாஸ்னு இருக்குறதாலயே நம்பிடாதீங்க, இங்கதான் நிறைய பேர் தப்பாப் புரிஞ்சுக்குறாங்க. மோசடிக்காரனே ஒரு டொமைன் (அதாவது சைட்டுக்கும் மெயிலுக்கும் உள்ள முகவரிப் பேரு) வாங்கி ஒழுங்கா செட் பண்ணி அனுப்பினா எல்லாமே பாஸ்தான் காட்டும். மெயில் அந்த டொமைன்ல இருந்துதான் வந்துச்சுங்கிறது மட்டும்தான் அதுக்கு அர்த்தம், அந்த டொமைன் நல்லவங்களோடதுனு அர்த்தம் இல்ல.

அப்புறம் நான் சொன்ன பேப்பர் நம்பர். அது இல்லாம "டியர் ஆத்தர்"னோ உங்க தலைப்பை மட்டும் போட்டோ வந்தா அங்கயே நில்லுங்க.

கூகுள்ல தேடிப் போறதா இருந்தாலும் மேல "ஸ்பான்சர்ட்"னு வர்றதைத் தாண்டிக் கீழ போங்க. விளம்பரத்துக்குக் காசு கட்டி மேல வர்றது மோசடிக்காரங்களுக்கு பெரிய செலவே இல்ல.

3. முகவரியை எழுத்து எழுத்தா படிங்க

இதுக்கு நேரம் எடுத்துக்குங்க, எல்லாத்தையும் விட முக்கியம் இதுதான். சைட் எப்படி இருக்குங்கிறதை நம்பி ஒரு பிரயோஜனமும் இல்ல, ஒரு சைட்டை மொத்தமா காப்பி அடிக்க ஒரு மணி நேரம்கூட வேண்டாம். அவனால காப்பி அடிக்க முடியாதது முகவரி ஒண்ணு மட்டும்தான், அதுவும் நாம ஒழுங்கா படிச்சாத்தான்.

படிக்கிற முறை இப்படி. எச்டிடிபிஎஸ்க்கு அப்புறம் வர்ற ரெண்டு சாய்வுக் கோட்டை விட்டுடுங்க, அதுக்கடுத்து வர்ற முதல் ஒற்றைச் சாய்வுக் கோடு வரைக்கும் எடுத்துக்குங்க. அந்தத் துண்டை வலது பக்கத்துல இருந்து இடது பக்கமா படிங்க. கடைசிப் புள்ளிக்கு ரெண்டு பக்கமும் இருக்குற வார்த்தைகள்தான் அந்த சைட்டோட சொந்தக்காரர். உதாரணத்துக்கு "மாநாடு.ஆர்க்"ங்கிறது நிஜ சைட்னு வெச்சுக்குங்க. "மாநாடு.ஆர்க்.பணம்கட்டு.காம்"னு வந்தா அது மாநாட்டோட சைட் இல்ல, "பணம்கட்டு.காம்" வெச்சிருக்கிறவனோட சைட். முன்னாடி அவன் என்ன வேணா போட்டுக்கலாம், நம்ம கண்ணு இடது பக்கத்துல இருந்து படிச்சுப் பழகினதால "மாநாடு.ஆர்க்" வரைக்கும் பார்த்துட்டு சரினு விட்டுடும், அதைத்தான் அவன் எதிர்பார்க்குறான். "டாட் ஏசி டாட் யூகே" மாதிரி ரெட்டையா முடியுற முகவரிகளுக்கு மட்டும் கடைசி மூணு துண்டு பார்க்கணும்.

அடுத்து எழுத்து மாற்றம். ஆங்கிலத்துல ஆர், என் ரெண்டு சின்ன எழுத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா எம் மாதிரியே தெரியும். சின்ன எல்லுக்குப் பதிலா ஒண்ணுங்கிற எண், ஓவுக்குப் பதிலா சைபர் போடுவாங்க. ரஷ்ய மொழிக்கான சிரிலிக் எழுத்துல இருக்குற ஏ நம்ம கண்ணுக்கு ஆங்கில ஏ மாதிரியேதான் இருக்கும், கம்ப்யூட்டருக்கு அது வேற எழுத்து. முகவரியைக் காப்பி பண்ணி வேற இடத்துல ஒட்டிப் பாருங்க, எக்ஸ் என் போட்டு ரெண்டு கோடு வந்து அதுக்கப்புறம் புரியாத எழுத்தா வந்துச்சுன்னா உள்ள வேற மொழி எழுத்து ஒளிஞ்சிருக்குனு அர்த்தம்.

எனக்கு வந்ததுல இவ்வளவு சிரமம்கூட எடுத்துக்கல. நிஜ சைட்ல பேரும் வருஷமும் ஒட்டி இருந்துச்சு, கடைசியில ஆர்க். போலியில நடுவுல ஒரு சின்ன ஹைஃபன், கடைசியில காம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிருந்தா ரெண்டு செகண்ட்ல தெரிஞ்சிருக்கும், ஆனா நான் ஒண்ணை மட்டும்தானே பார்த்தேன். அதனால எப்பவுமே அக்செப்ட் ஆன மெயில், கால் ஃபார் பேப்பர்ஸ் (பேப்பர் அனுப்பச் சொல்ற அறிவிப்பு) மாதிரி பழைய நிஜ மெயில்ல இருக்குற முகவரியை எடுத்துப் புதுசா வந்ததுக்குப் பக்கத்துல ஒரு நோட்பேட்ல ஒட்டி, மேலயும் கீழயுமா வெச்சுப் பாருங்க.

பூட்டு படம் இருக்கே, எச்டிடிபிஎஸ் இருக்கேனு நினைக்காதீங்க. அந்த சர்டிஃபிகேட்டை லெட்ஸ் என்க்ரிப்ட் மாதிரி இடத்துல யார் வேணாலும் சில நிமிஷத்துல இலவசமா வாங்கலாம். நீங்க அனுப்புறதை நடுவுல யாரும் படிக்க முடியாதுங்கிறது மட்டும்தான் அதுக்கு அர்த்தம், எதிர்ல உக்காந்திருக்கிறது திருடனா இல்லையாங்கிறது அதுக்குத் தெரியாது. இந்தக் குழப்பத்தாலதான் குரோம் பிரவுசர்லயே 2023ல அந்தப் பூட்டு படத்தை எடுத்துட்டு வேற படம் வெச்சாங்க.

4. டொமைனுக்கு எத்தனை வயசுனு பாருங்க

டொமைன் பேர்களை மேற்பார்வை பண்ற ஐகேன்ங்கிற அமைப்போட லுக்அப் பக்கத்துல டொமைன் பேரைப் போட்டா அது எப்ப பதிவாச்சுனு தேதி வரும், இலவசம்தான், கணக்கு எதுவும் தொடங்க வேண்டாம். முன்னாடி ஹூஇஸ்னு சொல்லுவாங்க, 2025 ஜனவரில இருந்து காம், ஆர்க் மாதிரி டொமைனுக்கெல்லாம் ஆர்டாப்ங்கிற புது முறைக்கு மாறியிருக்கு, நமக்குப் பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல. நாட்டுக் குறியீட்டுல முடியுற டொமைன் சிலது அங்க வராது, அதுக்கு அந்த நாட்டுப் பதிவகத்தோட பக்கத்துல தேடணும்.

"பதினெட்டாவது வருடாந்திர மாநாடு"னு போட்டிருக்கான், டொமைன் பிறந்து ஆறு வாரம்தான் ஆகுதுன்னா புரிஞ்சுக்குங்க. எனக்கு வந்த போலி சைட் மெயில் வர்றதுக்கு நாலு நாள் முன்னாடி பதிவானது. நாலே நாள்!

இதுல மூணு இடத்துல ஜனங்க வழுக்குறாங்க. சொந்தக்காரர் பேரு மறைச்சிருக்குறதைப் பார்த்துப் பயந்துடாதீங்க, நல்ல சைட்டுக்கும் இப்ப அப்படித்தான் இருக்கும், தேதியை மட்டும் பாருங்க. ரெண்டாவது, சில நல்ல கான்ஃபரன்ஸும் ஒவ்வொரு வருஷமும் புது டொமைன் வாங்குவாங்க, அதனால புதுசா இருக்குறதை வெச்சு மட்டும் போலினு முடிவு பண்ண முடியாது, அடுத்த ஸ்டெப்பும் பார்க்கணும். மூணாவதுதான் மோசமானது. கான்ஃபரன்ஸ் முடிஞ்சதும் அந்த வருஷத்து டொமைனைப் புதுப்பிக்காம விட்டுடுவாங்க, சில மாசத்துல அதை யார் வேணா வாங்கிக்கலாம். பழைய பேப்பர்ல, யூனிவர்சிட்டி பக்கங்கள்ல எல்லாம் அந்த லிங்க் இன்னும் இருக்கும், அதனால பார்க்க ரொம்ப நம்பிக்கையா தெரியும், ஆனா இப்ப உள்ள உக்காந்திருக்கிறது வேற ஆள். இதைக் கண்டுபிடிக்க, சைட்டுகளோட பழைய பக்கங்களைச் சேமிச்சு வெச்சிருக்குற இன்டர்நெட் ஆர்க்கைவோட வேபேக் மெஷின்ல முகவரியைப் போட்டு வருஷ வாரியா பாருங்க, நடுவுல கொஞ்ச காலம் காலியாவோ சம்பந்தமே இல்லாத விளம்பரமாவோ இருந்துட்டு திடீர்னு மறுபடியும் கான்ஃபரன்ஸா மாறியிருந்தா கிட்டயே போகாதீங்க.

5. சம்பந்தமில்லாத ரெண்டாவது வழியில போய்ப் பாருங்க

மேல பார்த்ததெல்லாம் சந்தேகம் கிளப்புற ஸ்டெப்பு. உறுதி பண்ணிக்கிற ஸ்டெப்பு இதுதான். அந்த மெயிலையும் அந்த சைட்டையும் சுத்தமா மறந்துட்டு வேற பக்கத்துல இருந்து அந்த கான்ஃபரன்ஸைப் போய்ச் சேருங்க, ரெண்டு வழியும் ஒரே முகவரியில வந்து நின்னாத்தான் சரி.

ஐஇஇஇ (எலக்ட்ரிகல், எலக்ட்ரானிக்ஸ் பொறியாளர்கள் சங்கம்) நடத்துறதா சொன்னா அவங்க கான்ஃபரன்ஸ் தேடல் பக்கத்துல இருக்கணும், ஏசிஎம் (கம்ப்யூட்டர் துறைச் சங்கம்)னா அவங்க பட்டியல்ல இருக்கணும். கம்ப்யூட்டர் சயின்ஸ்னா டிபிஎல்பிங்கிற பேப்பர் பட்டியல் சைட்ல போன வருஷத்துப் புரொசீடிங்ஸ் வரிசையா கிடைக்கும். வேற துறைன்னா அந்த சங்கத்தோட சொந்த சைட்ல இருந்து உள்ள போங்க. போன வருஷம் அங்க பேப்பர் போட்டவங்க ரெண்டு பேரைப் பிடிச்சு "எந்த சைட்ல கட்டினீங்க, எந்தப் பேருக்குக் கட்டினீங்க"னு கேளுங்க, இதைவிட நல்ல செக் எனக்குத் தெரிஞ்சு இல்ல. கைடுகிட்ட கேட்கக் கூச்சமா இருந்துச்சு எனக்கு, இதுகூடத் தெரியாதானு நினைப்பாங்களோனு. தயவுசெஞ்சு கேட்டுடுங்க, அவங்க வருஷத்துக்கு நாலு கான்ஃபரன்ஸ் போறவங்க, ஒரு பார்வையிலயே சொல்லிடுவாங்க.

கமிட்டில இருக்குறவங்க பேரைப் பார்த்து நம்பாதீங்க. அமெரிக்காவோட எஃப்டிசி (வர்த்தக ஆணையம்) 2016ல ஓமிக்ஸ் குரூப்ங்கிற ஜர்னல், கான்ஃபரன்ஸ் கம்பெனி மேல போட்ட கேஸ்ல ஒரு குற்றச்சாட்டே இதுதான், வர்றதா ஒத்துக்காத நிபுணர்கள் பேரையெல்லாம் கான்ஃபரன்ஸ் விளம்பரத்துல போட்டாங்கனு. 2019ல கோர்ட் 5 கோடி டாலருக்கு மேல கட்டச் சொல்லித் தீர்ப்பு கொடுத்துச்சு. அதனால கமிட்டில ஒருத்தரை எடுத்து, அவரோட யூனிவர்சிட்டி பக்கத்துல இருக்குற மெயில் ஐடிக்கு ரெண்டே வரி எழுதுங்க: "இந்த கான்ஃபரன்ஸ் கமிட்டில உங்க பேரு இருக்கு, இந்த முகவரி சரிதானா?" கான்ஃபரன்ஸ் சைட்ல அவருக்குப் போட்டிருக்குற மெயில் ஐடிக்கு எழுதாதீங்க, அது திருடன்கிட்டயே "நீ திருடனா"னு கேட்குற மாதிரி. நான் பிற்பாடு இப்படி மூணு பேருக்கு எழுதினேன், ஒருத்தர் அன்னைக்கே பதில் போட்டார், பெரிய ஆள்னு தயங்க வேண்டியதே இல்ல.

ஈசிசேர் (பேப்பர் அனுப்புற சைட்) லிங்க் இருக்கு, விக்கிசிஎஃப்பில (கான்ஃபரன்ஸ் அறிவிப்புகள் போடுற சைட்) வந்திருக்குங்கிறதெல்லாம் சாட்சி ஆகாது. அங்க கான்ஃபரன்ஸைப் போடுறது அமைப்பாளர்னு சொல்லிக்கிறவங்கதான். "ஸ்கோபஸ் இண்டெக்ஸ்ட்"னு (ஸ்கோபஸ்ங்கிற ஆராய்ச்சிப் பேப்பர் தரவுத்தளத்துல சேர்ந்ததுனு) லோகோ போட்டிருந்தா லோகோவை விட்டுட்டு, போன வருஷத்து பேப்பர் ஒண்ணு நிஜமாவே ஸ்கோபஸ்ல கிடைக்குதானு தேடுங்க. அப்புறம் "திங்க் செக் அட்டெண்ட்"னு ஒரு இலவச செக்லிஸ்ட் இருக்கு, கான்ஃபரன்ஸ் நல்லதா இல்லையானு வரிசையா கேள்வி கேட்கும், புதுசா வர்றவங்களுக்கு நல்லாவே உதவும்.

6. பாஸ்வேர்டு கேட்டா நில்லுங்க

கான்ஃபரன்ஸ் ரெஜிஸ்ட்ரேஷனுக்கு உங்க யூனிவர்சிட்டி பாஸ்வேர்டு அவங்களுக்கு எதுக்கு? நிஜமான சைட்ல புதுசா ஒரு கணக்கு தொடங்கச் சொல்லுவாங்க, இல்லன்னா ஆர்கிட் (ஆராய்ச்சியாளர்களுக்கான அடையாள எண்) வழியா போகச் சொல்லுவாங்க. ஆர்கிட்னு வந்தா லாகின் பக்கம் ஆர்கிட்டோட சொந்த முகவரியிலதான் இருக்கணும், மூணாவது ஸ்டெப்ல சொன்ன மாதிரி படிச்சுப் பாருங்க.

இந்த லாகின் திருட்டை சாதாரணமா எடுத்துக்காதீங்க. 2020 அக்டோபர்ல மைக்ரோசாஃப்ட் ஒரு விஷயம் வெளியிட்டாங்க, மியூனிக் செக்யூரிட்டி கான்ஃபரன்ஸ், சவுதில நடக்க இருந்த திங்க் 20 மாநாடு ரெண்டு பேருலயும் ஹேக்கருங்க போலி அழைப்பு அனுப்பி நூறு பேருக்கு மேல குறி வெச்சிருந்தாங்கனு. மறு வருஷம் ஜூலைல புரூஃப்பாயிண்ட்ங்கிற சைபர் பாதுகாப்பு கம்பெனி சொன்னது இன்னும் மோசம், ஹேக்கருங்க லண்டன்ல இருக்குற சோவாஸ் யூனிவர்சிட்டி ஆராய்ச்சியாளர்கள் மாதிரியே நடிச்சு, மெயில்ல நிதானமா பேசிப் பழகி, ஆன்லைன் மாநாட்டுக்குப் பேச வாங்கனு கூப்பிட்டு லாகின் பக்கத்துக்கு அனுப்பியிருக்காங்க. அந்தப் பக்கம் இருந்தது ஹேக் பண்ணப்பட்ட ஒரு நிஜ சைட்டுல, அந்த யூனிவர்சிட்டியோட ரேடியோ சைட்டு அது. ரெண்டுலயும் இலக்கு பேராசிரியர்கள், கொள்கை ஆலோசகர்கள் மாதிரி ஆளுங்கதான், அனுபவசாலிங்களுக்கே இவ்வளவு வலை விரிக்கிறாங்கன்னா முதல் பேப்பர்காரங்க நாம எவ்வளவு கவனமா இருக்கணும்னு யோசிங்க.

இதுக்கு ஒரு சுலபமான காவல் இருக்கு, பாஸ்வேர்டு மேனேஜர். அது சைட்டோட அழகைப் பார்க்காது, முகவரியை மட்டும்தான் பார்க்கும், முகவரி ஒரு எழுத்து மாறினாலும் தானா நிரப்பாது. எனக்கு அன்னைக்கு நிரப்பல. "ஏதோ கோளாறு"னு நினைச்சு நானே கையால டைப் பண்ணேன். வழக்கமா நிரப்புறது ஒரு நாள் நிரப்பலன்னா கையை எடுத்துடுங்க.

ஓடிபி இருக்கே பயமில்லனும் நினைக்காதீங்க, போலி சைட் நீங்க போடுற ஓடிபியை அந்த செகண்டே நிஜ சைட்ல போட்டு உள்ள போயிடும். பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலா ஃபோன்லயோ கம்ப்யூட்டர்லயோ இருக்குற டிஜிட்டல் சாவி), செக்யூரிட்டி கீ (கையில வெச்சுக்குற சின்ன சாவிக் கருவி) ரெண்டும் முகவரியோட கட்டிப்போட்ட மாதிரி, வேற சைட்ல வேலை செய்யாது, உங்க யூனிவர்சிட்டில வசதி இருந்தா அதுக்கு மாறிடுங்க. பேப்பர் டெம்ப்ளேட்னு வர்ற வேர்டு ஃபைல் "எனேபிள் கன்டென்ட்" அமுக்கச் சொன்னா அமுக்காதீங்க, டெம்ப்ளேட் வேணும்னா அந்தப் பதிப்பகத்தோட சொந்த சைட்ல எடுத்துக்கலாம்.

7. காசு கட்டுறது

கட்டணம் பெரும்பாலும் சில நூறு டாலர் இருக்கும், மாணவர்களுக்குக் குறைவு. கட்டுறதுக்கு முன்னாடி ரீஃபண்ட் விதியைத் தேடிப் படிங்க, நிஜ சைட்ல தேதி வாரியா எழுதியிருப்பாங்க, போலியில ஒண்ணுமே இருக்காது, இல்லன்னா வேற எங்கயோ இருந்து எடுத்து ஒட்டினதுல பழைய வருஷமே மாத்தாம இருக்கும்.

கிரெடிட் கார்டுலதான் கட்டுங்க. கார்டுல கட்டினா பிற்பாடு தகராறு எழுப்பிக் காசைத் திரும்பக் கேட்க வழி இருக்கு, பொதுவா 120 நாள் வரைக்கும்னு சொல்லுவாங்க, உங்க பேங்க்ல எவ்வளவுனு கேட்டு வெச்சுக்குங்க. பேங்க் டிரான்ஸ்ஃபர் போனா பெரும்பாலும் போனதுதான். கிரிப்டோ, வெஸ்டர்ன் யூனியன், கிஃப்ட் கார்டு கேட்டா பேச்சே வேண்டாம். டிரான்ஸ்ஃபர் மட்டும்தான்னு சொன்னா கணக்கு யார் பேருல இருக்குனு பாருங்க, யூனிவர்சிட்டி பேரோ சங்கத்தோட பேரோ இருக்கணும். எனக்கு வந்ததுல கான்ஃபரன்ஸுக்கு சம்பந்தமே இல்லாத ஒரு டிரேடிங் கம்பெனி பேரு இருந்துச்சு, கான்ஃபரன்ஸ் நடக்குற நாடு ஒண்ணு, கணக்கு இருக்குற நாடு ஒண்ணு. டிரான்ஸ்ஃபர் ஃபார்ம்ல அந்தப் பேரை என் கையாலதான் நிரப்பினேன், அப்பக்கூட உறைக்கல, ஏன்னா ராத்திரிக்குள்ள கட்டணும்கிற ஒரே நினைப்பு.

"எங்க கணக்கு ஆடிட்ல இருக்கு, இந்தப் புதுக் கணக்குக்கு அனுப்புங்க"னு நடுவுல மெயில் வந்தா அதை நம்பி அனுப்பாதீங்க, பழைய நம்பருக்கு ஃபோன் பண்ணிக் கேளுங்க.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், நீண்ட விடுமுறைக்கு முந்தின நாள் வர்ற கடைசித் தேதி மெயிலை அடுத்த வேலை நாள் வரைக்கும் தள்ளி வைங்க. பேங்க் மூடியிருக்குற நேரமாப் பார்த்துத்தான் அனுப்புறாங்க. ஏர்லி பேர்டு போனா கொஞ்சம் கூடக் கட்டணும், அவ்வளவுதான், மொத்தமா போறதுக்கு அது எவ்வளவோ மேல்.

8. பாஸ்போர்ட்டும் விசா லெட்டரும்

அழைப்புக் கடிதத்துக்குப் பேரு, பிறந்த தேதி, பாஸ்போர்ட் நம்பர், முகவரி, பேப்பர் தலைப்பு இவ்வளவு போதும். சில நல்ல கான்ஃபரன்ஸும் ஸ்கேன் கேட்குறது உண்டு, ஆனா பேப்பர் அக்செப்ட் ஆகி, ரெஜிஸ்ட்ரேஷனும் முடிஞ்சதுக்கு அப்புறம்தான் பெரும்பாலும் கேட்பாங்க. கொடுத்தே ஆகணும்னா ஃபோட்டோ பக்கத்து மேல குறுக்கால "இந்த மாநாட்டு அழைப்புக் கடிதத்துக்கு மட்டும்"னு தேதியோட எழுதி அனுப்புங்க. விசா வாங்கித் தரோம், அதுக்குத் தனி ஃபீஸ்னு சொன்னா அது பொய், விசா கொடுக்குறது தூதரகம், கான்ஃபரன்ஸ் கொடுக்குறது ஒரு கடிதம் மட்டும்தான்.

விசாவுக்கு வாரக்கணக்குல ஆகும்ங்கிற பயத்தைத்தான் இவங்க பிடிச்சு இழுக்குறாங்க, அதனால அக்செப்ட் ஆன அன்னைக்கே நீங்களா நிஜ சைட்ல போய் லெட்டருக்கு எழுதிடுங்க, அப்புறம் யார் வந்து அவசரப்படுத்தினாலும் நிதானமா இருப்பீங்க.

9. ஏற்கெனவே மாட்டிக்கிட்டீங்கன்னா

வெட்கப்பட்டு உக்காந்திருக்காதீங்க, நேரம்தான் எல்லாம்.

முதல் ஒரு மணி நேரத்துல பேங்குக்கு ஃபோன் பண்ணி "இது மோசடி, டிரான்ஸ்ஃபரைத் திரும்பக் கூப்பிடணும்"னு இதே வார்த்தையில சொல்லுங்க, கார்டுன்னா பிளாக் பண்ணச் சொல்லுங்க. ரெண்டு மூணு நாளுக்குள்ளன்னா காசு இன்னும் அந்தக் கணக்குல இருக்க வாய்ப்பு இருக்கு, எனக்கு ஒன்பது நாள் ஆனதால ஒண்ணும் கிடைக்கல. அதே மணி நேரத்துல வேற கம்ப்யூட்டர்ல இருந்து பாஸ்வேர்டை மாத்துங்க, அதே பாஸ்வேர்டு வேற எங்க இருந்தாலும் மாத்துங்க, எல்லா டிவைஸ்லயும் சைன் அவுட் கொடுங்க. இதோட நிறுத்தாம மெயில் செட்டிங்ஸ்ல ஃபார்வர்டிங், ஃபில்டர் ரெண்டும் பாருங்க. என் மெயில்ல "ரெஜிஸ்ட்ரேஷன்"ங்கிற வார்த்தை வந்தா நேரா குப்பைக்குப் போற மாதிரி ஒரு ஃபில்டர் போட்டு வெச்சிருந்தான், நிஜ அமைப்பாளர்கள் அனுப்பின ரெண்டு ரிமைண்டர் அதுலதான் கிடந்துச்சு, மூணாவதுல அந்த வார்த்தை இல்லாததாலதான் என் கண்ணுல பட்டுச்சு. யூனிவர்சிட்டி ஐடி பிரிவுக்கும் அன்னைக்கே சொல்லிடுங்க, உங்க மெயில்ல இருந்து மத்தவங்களுக்குப் போயிருக்கலாம்.

முதல் நாளுக்குள்ள சைபர் கிரைம் போலீஸ்ல புகார். கையில வெச்சிருக்க வேண்டியது: அந்த மெயில் முழு ஹெட்டரோட ("ஷோ ஒரிஜினல்"ல வர்றது), சைட்டோட ஸ்கிரீன்ஷாட் முகவரி தெரியுற மாதிரி, டிரான்ஸ்ஃபர் ரசீது, போலி இன்வாய்ஸ், டொமைன் பதிவுத் தேதி வந்த பக்கம். ஸ்கிரீன்ஷாட்டை முதல்ல எடுத்துடுங்க, சைட் எப்ப வேணா காணாமப் போயிடும். பாஸ்போர்ட் கொடுத்திருந்தா பாஸ்போர்ட் ஆபீஸ்லயும் கேளுங்க, மாத்தணுமா வேண்டாமானு அவங்க சொல்லுவாங்க, புகார் நகல் அங்கயும் கேட்பாங்க.

"போன காசை மீட்டுத் தரோம்"னு கொஞ்ச நாள்ல ஒரு மெயில் வரும், சொல்லி வெச்ச மாதிரி வரும். அதுவும் அதே கூட்டம்தான், அல்லது உங்க பேரை அவங்ககிட்ட வாங்கினவன். முன்பணம் கேட்டா நம்பவே நம்பாதீங்க.

சைட்டை இறக்க கூகுள் சேஃப் பிரவுசிங்ல ரிப்போர்ட் பண்ணலாம். ஐகேன் லுக்அப்லயே ரெஜிஸ்ட்ராரோட (டொமைனைப் பதிவு பண்ணிக் கொடுத்த கம்பெனி) அப்யூஸ் மெயில் ஐடி, அதாவது மோசடிப் புகாருக்கான ஐடி, இருக்கும், அதுக்கு போலி முகவரி, நிஜ முகவரி, ரெண்டோட ஸ்கிரீன்ஷாட், உங்க மெயில் ஹெட்டர் நாலும் வெச்சு அனுப்புங்க. அதே நாலையும் நிஜ கான்ஃபரன்ஸோட ஜெனரல் சேருக்கும் (தலைமை அமைப்பாளர்) அனுப்புங்க, பேப்பர் ரெஜிஸ்ட்ரேஷனுக்கு அவகாசம் வேணும்னா அதே மெயில்லயே கேட்டுடுங்க. எனக்கு அஞ்சு நாள் கொடுத்தாங்க, ரெண்டாவது தடவை கட்டிப் பேப்பரைக் காப்பாத்திக்கிட்டேன். நான் எழுதின மறுநாளே நிஜ சைட்டோட முதல் பக்கத்துல போலி முகவரியைப் போட்டு ஒரு எச்சரிக்கை வெச்சாங்க, ஆத்தர்கள் எல்லாருக்கும் பேப்பர் நம்பரோட மெயில் போச்சு. அன்னைக்கு சாயங்காலம் முன்பின் தெரியாத ஒரு பொண்ணு எனக்கு எழுதியிருந்தாங்க, அவங்களுக்கும் முதல் பேப்பர், டிரான்ஸ்ஃபர் ஃபார்ம் நிரப்பிக்கிட்டு இருந்தப்ப அந்த மெயிலைப் பார்த்து நிறுத்திட்டாங்களாம்.